எலும்போடு எலும்பு, மரத்தோடு மரம்

அருங்காட்சியகத்தில் அவருக்கு வரிசைக்காரர் என்று பெயர். எதைக் கண்டாலும் அடுக்கிவைக்காமல் அவர் கை சும்மா இருக்காது. வீட்டிலும் அதே கதைதான். சமையலறை டப்பாக்களை அவர் உயரப்படி மாற்றிவைத்து, டீயில் உப்பு விழுந்த அன்று மனைவி சொன்னாள்:

"விட்டா என்னையும் உங்க தங்கச்சியையும் உயரப்படி நிக்க வெச்சிருவீங்க. நல்லவேளை, நான் குள்ளம். முன்வரிசை கிடைக்கும்."

அவர் சிரித்தார். டப்பாக்கள் அப்படியேதான் இருந்தன.

காட்சிப் பெட்டிகளை அடுக்குவது அவர் வேலை. கையால் லேஸ் பின்னும் பழைய பாபின்கள் இருந்த கூடம் அவருடைய செல்லப்பிள்ளை. விரல் நீளக் கட்டைகள். சில எலும்பு, சில மரம். கழுத்தில் நூல் சுற்றியிருக்கும், வாலில் கண்ணாடி மணிகள் தொங்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிமாற்றிப் போட்டால்தான் பின்னல் விழும்.

அந்தக் கூடத்துக்கு, லேஸ் பின்னும்போது மடியில் வைத்துக்கொள்ளும் திண்டு ஒன்று வந்தது. அதில் பின்னிக்கொண்டிருந்த பெண்மணி லேஸைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்மூடியிருந்தார். குண்டூசிகள் குத்தியபடி, பாபின்கள் நூலில் தொங்கியபடி, மகள் அப்படியே கொடுத்திருந்தாள். படம் எடுக்க ஆள் வருவதற்குள் கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்று வரிசைக்காரர் எலும்பை எலும்போடும் மரத்தை மரத்தோடும் சேர்த்துவைத்தார். நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தார். பழைய நூல், எப்படிக் கிடந்தால் என்ன என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு அட்டையும் வைத்தார்: 'அவர் விட்ட இடத்தில், விட்டபடியே.'

சில மாதம் கழித்து மகள் வந்தாள். இதற்கென்றே லேஸ் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். மிச்சத்தை அங்கேயே உட்கார்ந்து முடிக்க அனுமதியும் வாங்கியிருந்தாள். வரிசைக்காரர்தான் கண்ணாடியைத் திறந்து நாற்காலி போட்டார்.

அவள் ஒரு ஜோடி பாபினை எடுத்தாள், வைத்தாள். இன்னொரு ஜோடி. நூலை விரலால் தொடர்ந்து போய்ப் பாதியில் நின்றாள்.

"வெளிச்சம் பத்தலையாம்மா?"

"வெளிச்சம் இருக்கு சார்." குனிந்தபடியே பேசினாள். "கடைசியில அம்மாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு அண்ணன் சொன்னாரு. வேணும்னா திண்டைப் போய்ப் பாருங்க, அம்மா கை தப்பாதுன்னு நான் சண்டை போட்டேன். அதோட பேச்சுவார்த்தையே இல்ல. இப்பப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி. நேத்து கத்துக்கிட்டவகூட இப்படிப் போடமாட்டா."

"வயசாயிட்டா அப்படித்தாம்மா" என்றார் வரிசைக்காரர்.

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. அவளோ, ஆறுதல் கிடைத்தவளைப்போலத் தலையசைத்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

"வேணாம்மா. உங்கம்மா கை தப்பல. நான்தான் மாத்தி வெச்சேன். பாக்க அழகா இருக்கட்டும்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எதை முதல்ல நகர்த்தினீங்க?"

கூடத்தில் எந்த ஊசி எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவர், திண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாபகம் இல்லம்மா. படம்கூட அதுக்கப்புறம்தான் எடுத்தோம்."

எது அம்மா போட்ட முறுக்கு, எது இவர் போட்ட சிக்கல் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவள் பாபின்களை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"அண்ணா, நான்தான். அம்மா நல்லாத்தான் இருந்திருக்காங்க. இல்ல, முடிக்க முடியாது. இங்க ஒருத்தர் அடுக்கி வெச்சுட்டாரு."

போகச் சொல்லாததால் வரிசைக்காரர் அங்கேயே நின்றார். எதிரே அவர் எழுதிய அட்டை. அதைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் அடுக்கியதுதான்.