ஓடிவருகிறவளுக்கு நிற்காத பஸ்

செய்யது அபுதாஹிரைத் திட்டாத பெண் அந்தத் தடத்தில் ஒருத்திகூடக் கிடையாது. விருதுநகரிலிருந்து பட்டிதொட்டியெல்லாம் தொட்டுக்கொண்டு சிவகாசிக்குப் போகிற அரசு டவுன் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். முகப்பில் ரோஸ் கலர் அடித்த, பெண்கள் காசில்லாமல் போகிற வண்டி. நிறுத்தத்தில் நிற்பவர்களை ஒழுங்காக ஏற்றிக்கொள்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூப்பிடு தூரத்தில் ஒருத்தி கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாலும் சரி, கண்டக்டர் ராஜபாண்டியன் விசில் கொடுத்ததும் வண்டி உருண்டுவிடும். கத்தினாலும் நிற்காது, பக்கவாட்டில் தட்டினாலும் நிற்காது.

ஓசியில் வருகிறோமென்றுதானே இந்த இளக்காரம் என்று பெண்கள் வைதார்கள். காசு கொடுக்கிற ஆம்பளை ஓடிவந்தாலும் அவர் நிற்பதில்லை, அதை யார் கவனித்தார்கள்? வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் ராஜபாண்டியன்தான், பாவம். டிப்போ வரைக்கும் போய்ப் புகார் சொன்னவர்களும் உண்டு. நேரத்துக்கு வண்டி எடுக்கிற டிரைவரை என்ன சொல்லிக் கண்டிப்பது? கிளை மேலாளர் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டி அனுப்பிவைத்தார். நல்ல கூத்துதான்.

உள்ளபடிக்கு அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் விருதுநகர் பஜாரில் பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்தவர். முன்பெல்லாம் ஓடிவருகிற யாரையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. பாய் வண்டி நிற்கும், மெதுவாக வா என்பது அந்தத் தடத்தில் அப்போது சாதாரணப் பேச்சு.

அவரை அதிகம் நிற்க வைத்தவள் பாண்டிமீனா. மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற விலக்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது அவள் வீடு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாகக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஓடி வருவாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. காலையில் நேரமானதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பிந்தினால் அன்றைக்குச் சம்பளம் போச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில் ஒரு நாள் விலக்கில் அவளைக் காணவில்லை. ராஜபாண்டியன் விசில் கொடுத்துவிட்டார். கியரைப் போட்டுக் கிளப்பின பிறகுதான் சைடு கண்ணாடியில் அவள் வெகு தூரத்தில் ஓடி வருவது தெரிந்தது. அபுதாஹிர் பிரேக்கை மிதித்தார். ராஜபாண்டியன் முணுமுணுத்தார், உள்ளே இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், அவர் நின்றார். மூச்சு வாங்க ஏறியவள், நல்லா இருப்பீக பாய் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவள் வேலை பார்த்த அறை தரைமட்டம். திரும்பி வருகிற நடையில் அவர் புகையைப் பார்த்தார். செத்தவர்களில் பாண்டிமீனாவும் உண்டு என்று சாயங்காலம் ஊர் சொன்னது. விசில் கொடுத்ததும் அவர் நிற்காமல் போயிருந்தால் அவள் போவதற்குள் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். அவள் அவரை வைதுகொண்டே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

அதற்கப்புறம் அந்த விலக்கில் கண்ணாடியைப் பார்த்தால் அவள் ஓடி வருகிறாள். வாளி ஆடுகிறது, கை உயர்கிறது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தால் வெறும் ரோடு. மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறாள். பட்டப்பகலில், வண்டி நிறைய ஆள் இருக்கும்போதே அவருக்கு இப்படித் தெரியும். மனைவி சம்சாத்திடம் மட்டும் சொன்னார். அவள் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிப் பார்த்தாள், வேறு தடம் மாற்றிக் கேளுங்கள் என்று மன்றாடினாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். வேறு டிரைவர் வந்தால் ஓடி வருகிறவளுக்கு நின்று தொலைப்பானே என்பது அவர் பயம். பஸ்ஸை விட்டவள் வீடு திரும்புவாள், ஒரு நாள் கூலி போகும், உயிர் மிஞ்சும். விட்டுவிட்டு வந்த பெண் பின்னால் நின்று மண்ணை வாரித் தூற்றும்போது, திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு குளிரும்.

போன மாசம் அந்த விலக்கில் ஒருத்தி நடுரோட்டில் வந்து நின்றுகொண்டாள். பாண்டிமீனாவின் தங்கச்சி அருணாதேவி. அக்கா போன பிறகு வேறொரு கம்பெனியில் அதே வேலைக்குப் போகிறவள். பல நாள் பஸ்ஸை விட்டவள், அன்றைக்குச் சண்டை போடுவதற்கென்றே முன்கூட்டி வந்திருந்தாள். ஹாரனுக்கும் அசையவில்லை. வண்டி நின்றதும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து, ஒரு நிமிஷம் நின்றால் உங்கள் சொத்தா அழிந்துபோகும், என் அக்காவுக்கு மட்டும் நின்றீர்களே, நான் என்ன பாவம் செய்தேன் என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

அபுதாஹிர் ஜன்னல் வழியே அவளைக் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் வெளியே வராதது வந்துவிட்டது.

"நின்னதுனாலதாம்மா ஒங்க அக்கா போயிருச்சு. அன்னைக்கு நான் போயிருந்தா, கேட்டு பூட்டியிருக்கும், அது வீட்டுக்குத் திரும்பியிருக்கும்ல. அதான் நான் இப்ப யாருக்கும் நிக்கிறதில்ல."

அருணாதேவியின் கோபம் அடங்கிவிட்டது.

"யாரு பாய் வீட்டுக்குத் திரும்புறா? பஸ்ஸு போயிட்டா மருந்து லோடு வண்டி வரும், அதுல ஏறிருவோம். கேட்டப் பூட்டினாலும் லோடுக்குத் தொறந்துவிடுவாக. நீங்க லீவு போட்ட நாள்ல அக்காவும் அப்படித்தான் போகும்."

மருந்தோடா போகிறீர்கள் என்று கேட்டார்.

"மூட்டை மேலதான். வேற எங்கன உக்கார?"

பாண்டிமீனா சாவுக்கு அவர் காரணமில்லை என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. அது அவர் மனசில் ஏறவே இல்லை. திரும்பி வண்டிக்குள் பார்த்து, நீங்களுமா என்றார். சிலர் வெளியே பார்த்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தியும் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவரை வைத அத்தனை பேரும் வெடிமருந்து மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டுதான் வைதிருக்கிறார்கள். நிற்காமல் போய் அவர்களை அதில் ஏற்றி அனுப்பியது அவர்தான். என்ஜினை அணைத்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னாலும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

அருணாதேவி ஏறி, அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காட்டுப் பாதையில் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறுகிற வரைக்கும் ராஜபாண்டியன் விசில் கொடுக்கவில்லை. கொடுத்த பிறகும் வண்டி நகரவில்லை.

"எடுங்க பாய்," என்றாள் அருணாதேவி. "கேட்டப் பூட்டிருவாக."

அவர் எடுத்தார். ஒருத்தி குறையாமல் எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார்.