லாச்சப்பல் சுவரில் என் மகன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் மெல்பேர்னில் கட்டி எழுப்பியவை: ஒரு மரக்கறிக் கடை, இரண்டு வீடு, பத்து வருசத்துக்கு மேல் ஒரு ஆட்டமும் தவறவிடாத ஒரு தடுப்பாட்டக்காரன். அவன் என் மகன்.

தங்கச்சி மகளின் கலியாணத்துக்குப் பாரிஸ் வந்தவன், இப்போது எங்கட தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் சுவர் நிறைய எங்கட பிள்ளைகளின் படங்கள். பட்டம் வாங்கியவர்கள், அரங்கேற்றம் செய்தவர்கள், கிண்ணம் தூக்கியவர்கள். நானும் மகனின் படத்தை நீட்டுகிறேன்.

முதலாளி உற்றுப் பார்க்கிறார்.

"இதென்ன அண்ணை, பந்து பப்பாப்பழம் மாதிரிக் கிடக்கு?"

"அவுஸ்திரேலியாவிலை உதைபந்து அப்பிடித்தான். கையாலையும் பிடிக்கலாம்."

"எத்தினை கோல் அடிச்சவர்?"

"ஒண்டும் அடிக்கேல்லை."

வடை தின்றுகொண்டிருந்த ஒருவர் சிரிக்கிறார். "அப்ப படம் என்னத்துக்கு?"

"கோல் அடிக்கிறவனோடை ஒட்டிக்கொண்டு ஓடி, அவன்ரை கைக்கு வாற பந்தைப் பொத்தின கையாலை குத்தி விடுறதுதான் இவன்ரை வேலை. விரல் முறிஞ்சும் கட்டிப்போட்டு ஆடினவன்."

"அடிக்க விடாமல் பாக்கிறதுக்கும் சம்பளமோ?" முதலாளியின் கண் விரிகிறது.

"ஓம். நல்ல சம்பளம்."

அவர் படத்தைக் கிண்ணக்காரருக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார். கீழே மகனின் பெயரைக் கேட்டு எழுதிப் பேனையை மூடப் போகிறார்.

"மூடாதையும், தம்பி. விடியக்காலமை மரக்கறி வானுக்கை அவனைப் பயிற்சிக்கு ஏத்தி இறக்கினது ஆர்? என்ரை பேரையும் எழுதும்."