செமிகோலனை முதலில் போட்டுவிட்டேன்

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள்.

பல்லாவரத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக். கம்ப்யூட்டரில் இருக்கும் அதன் தடுப்பூசிப் பதிவில் இரண்டு முறை ஏறிவிட்ட ஒரு பெயரை நீக்க வேண்டும். தப்பானால் பழையபடி ஆக்கலாம் என்று பாதுகாப்புக்காக START TRANSACTION கொடுத்துவிட்டு DELETE எழுதினேன்.

"செமிகோலனைக் கடைசியில போடுடி. அது இல்லாம எண்டர் தட்டினா ஒண்ணும் ஆகாது" என்று ஆபீஸ் சித்ரா அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் மறந்துவிடுவேன் என்று அதை முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு அதற்கு முன்னால் போய் WHERE எழுதுகிறவள்.

எந்தக் குழந்தை என்று சொல்லும் அந்த WHERE-ஐ எழுதுவதற்குள், மடியிலிருந்த என் மகள் எண்டரைத் தட்டிவிட்டாள். எல்லாக் குழந்தைகளின் பதிவும் போய்விட்டது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் கணவர்.

"கிட்ட வராதீங்க. கீபோர்டைத் தொடாதீங்க."

அழித்ததை உறுதி செய்யும் COMMIT-ஐ இன்னும் கொடுக்கவில்லை. ROLLBACK அடித்தால் எல்லாம் திரும்ப வர வேண்டும். ஆனால் இந்தப் பதிவு இருப்பது பழைய வகை டேபிளில். சில பழைய டேபிள்களில் அது வேலை செய்யாது. அக்கா போனை எடுக்கவில்லை. காலையில் ஊசிக்கு வரும் பிள்ளைகளில் யாருக்கு எது போட்டாயிற்று என்று எப்படித் தெரியும்?

குற்றவாளி மடியிலேயே தூங்கிவிட்டாள். நான் அசையவில்லை.

ROLLBACK அடிக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.