மூன்று மணி நேர வேலையை முக்கால் மணியில் முடித்தவன்

ஜன்னல் வழியே காப்பிப் பழத்தோல் புளிக்கும் வாடை வந்துகொண்டிருந்தது. மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள்... நடுவில் இரண்டையும் இணைக்க நான் சேலத்திலிருந்து பையில் சுருட்டி எடுத்துப்போன சீரியல் கேபிள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலைமேல் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ். பழைய கம்ப்யூட்டரில் இருந்த தொழிலாளர் விவரங்களைப் புதியதற்கு மாற்றித் தருவது என் வேலை. பெயர், பிறந்த தேதி, குடும்பத்தில் யார் யார்... எல்லாம் மல்லிகா அக்கா இரண்டு வருடம் உட்கார்ந்து டைப் அடித்தது. அந்த ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவர் 'கம்ப்யூட்டரம்மா'.

கேபிளில் நொடிக்கு 9600 பிட் வேகம் வைத்து, ஒவ்வொரு துண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சோதித்தபடி அனுப்பினால் மூன்று மணி நேரம் ஆகும். 38400 வைத்து, சோதனையையும் நிறுத்திவிட்டால் முக்கால் மணி. அந்த வேகத்தில் நடுநடுவே எழுத்துகள் விழுந்துபோகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்...

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் சேலத்தில் நண்பர்களோடு புதுப்படம் பார்க்கலாம். 38400 வைத்தேன்.

முடிந்ததும் மல்லிகா அக்கா தயங்கிக் கேட்டார். "ஏனுங்க தம்பி, பழசை அழிக்கறதுக்கு முன்னால ஒருக்கா சரி பாத்துக்கலாங்களா?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க அக்கா" என்றேன். பழைய டிஸ்க்கை அழித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பத்தே நாளில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால் பாதிப் பெயர்களில் எழுத்தைக் காணோம், பிறந்த வருடங்களில் இலக்கத்தைக் காணோம். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மகன் பெயர். அக்கா சுவரோரமாக நின்றிருந்தார்.

"மிசின்ல கோளாறுங்களா, இல்ல இந்தம்மா அடிச்சதுலயே தப்புங்களா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கலாம் சார்" என்றேன்.

அடுத்த வாரமே அக்காவைக் காப்பிக்கொட்டை பொறுக்கும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு வேறு ஆள் வந்தார்.

நாலைந்து வருடம் கழித்து, சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளத்தான் முதலில் தோன்றியது. எப்படியோ பக்கத்தில் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "நான் அடிச்சது எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டு நின்னனுங்க."

"இப்பவாவது மேனேஜர்கிட்ட சொல்றேங்க அக்கா..."

"அவரு மாத்தலாகிப் போயி நொம்ப நாளாச்சுங்க." சாமி கும்பிட நின்ற வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்துவிட்டார்.

இப்போது போனிலிருந்து போனுக்கு எதை அனுப்பினாலும், வேகத்தையும் சோதனையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அன்று எல்லாம் நம் கையில் இருந்தது. திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்தபடி டீ குடிப்பதில் ஒரு சுகமும் இருந்தது. பழைய நண்பர்கள் அதைச் சொல்லி ஏங்கும்போது நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்...

மல்லிகா அக்காவைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.