உம்மாவின் கால் எட்டாத மெத்தை

இடுப்பு முறிந்த பிறகு உம்மா நடக்கவேயில்லை. ஆனால் தொழுகை நேரம் வந்தால் கட்டிலின் மேற்கு ஓரத்துக்குத் தானாக நகர்ந்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் நான் வேண்டும். தொழுகைக்கு மட்டும் யாரையும் கூப்பிடமாட்டார்.

பழைய பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகத் திரண்டுபோயிருந்தது. கிளினிக்கில் நேர்ஸ், "மெதுவான படுக்கை பாருங்க, இல்லாட்டிப் புண் வந்திரும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் போனது. தினமும் உம்மாவின் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன், சிவந்திருக்கிறதா என்று.

கட்டில் உம்மாவின் கலியாணத்துக்குச் செய்தது. இந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தபோது அதோடுதான் பின்னறைக்கு மாறினார். அதன் அகலத்துக்குக் கடையில் மெத்தை கிடையாது.

"நிந்தவூர்க் கடையில ரெடியா இருக்கு. ஓரத்துல ஒரு சாண் இடைவெளி வந்தா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். "மாமி அதுக்குள்ள விழுந்திருவாவா?"

"விழுந்தா நீங்களா தூக்கிற?"

அவர் சிரித்தார். எனக்கோ அந்த இடைவெளிக்குள் உம்மாவின் கை மாட்டிக்கொள்வதுதான் கண்ணுக்குள் நின்றது. கடை மெத்தை கெட்டியாகவும் இருந்தது. செய்விப்பதே சரி என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நான் எழுதிவைத்த கணக்கில் எனக்கே நம்பிக்கையில்லை. கட்டிலின் நீள அகலத்தை மூன்று நாள் மூன்று தரம் அளந்துகொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன்.

மெத்தை தைப்பவர் ஃபோம் துண்டுகளை அடுக்கிவைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தேன்.

"எத்தின இன்ச் ராத்தா?"

"ஆறு."

"நாலு போதும். வயசான ஆக்களுக்கு உசரம் கூடினாக் கரச்சல். ஓரத்துக்குக் கெட்டியான ஃபோம் வெச்சுத் தாறன்."

"கெட்டி வேணாம் தம்பி. முழுக்க மெதுவாவே வைங்க."

"இவ்வளவு மெதுவா வேணுமெண்டா, ராத்தா மெத்தைக்கு வந்தாவா, புட்டு அவிக்க வந்தாவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புண்ணைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

மெத்தை கட்டிலுக்குள் அச்சொட்டாகப் பொருந்தியது. உம்மா தடவிப் பார்த்து, "நல்ல மெதுவாரிக்கு மகள்" என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் உம்மா என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போனேன். மேற்கு ஓரத்தில் இருந்தார். மெத்தை அவருக்குக் கீழே பள்ளமாக அமுங்கி, அவரை முன்னால் சரித்துக்கொண்டிருந்தது. கட்டில் சட்டத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். கால்கள் நிலத்துக்கு எட்டாமல் தொங்கின.

சிறிய முக்காலி ஒன்றை வைத்தேன். ஓரம் மேலும் அமுங்கியது, முக்காலியும் வழுக்கியது. கடைசியில் நான் தோள்களைப் பிடித்துக்கொண்டு நிற்க, உம்மா தொழுதார். குனியும்போது அவருடைய பாரம் முழுவதும் என் கையில் வந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், வழக்கம்போல் துஆ கேட்கக் கையேந்தவில்லை. நான் பக்கத்தில் நின்றதால்தான் என்று எனக்கு விளங்கியது.

மெத்தையைத் திருப்பிக் கொண்டுபோனோம். தைப்பவருக்குக் கலியாண வீட்டு வேலைகள் நிறைய. இரண்டு கிழமை சுணங்கியது. அதுவரை உம்மா பழைய பஞ்சின் மேல் கிடந்தார். சரிந்த பயம் போகவில்லை. ஓரத்துக்கு வரவே இல்லை, படுத்தபடியே தொழுதார்.

நாலு இன்ச்சுக்கு வெட்டி, ஓரத்தில் கெட்டி வைத்து மெத்தை வந்தது.

"உம்மா, இப்ப இருந்து பாருங்க."

நகர்ந்து வந்தார். பாதங்கள் நிலத்தில் பட்டன. ஆனால் இரண்டு கிழமை படுத்தே கிடந்ததில் ஊன்றிய கைகளுக்குப் பலமில்லை, உடம்பு பின்னால் சாய்ந்தது.

"ஏலா மகள். படுத்துத் தொழவும் மார்க்கத்துல இடமிருக்குதானே."

"நான்தான் உம்மா உசரமா வைக்கச் சொன்ன."

"நீ என்ட முதுகுக்குத்தானே பயந்த."

வலப்பக்கம் சாய்த்து, முகத்தை மேற்கே கிப்லாவுக்குத் திருப்பிவிட்டேன். முதுகில் புண் எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.