கன்னத்துக்கு ஒரு மிட்டாய்

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே இரண்டு மிட்டாய்களைப் பிரித்து, கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொள்கிறார் பள்ளி வேன் டிரைவர். "வாய் நெறஞ்சிருந்தா வார்த்தை வராது பாருங்க" என்கிறார். புவியியல் களப்பயணத்துக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. மற்ற நாளில் அவர் வாய்க்கு அணை கிடையாது.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். மழை எப்போது விடும், எந்தச் சந்து எங்கே போய் முடியும், எந்தக் கடைக்காரர் மாமனாரோடு பேசுவதில்லை, எல்லாம் அத்துப்படி. மாணவிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'விடைத்தாள்'. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன பயணத்தில் வம்பு வந்தது. ஓடைத் தண்ணீர் கரையோரம் வேகமாக ஓடுமா, நடுவிலா? அளந்து பார்க்கும் முன் ஒவ்வொருத்தியும் தானே யோசித்துத் தன் கருதுகோளை எழுத வேண்டும். இவர் இருக்கையில் இருந்தபடியே, "நடுவுலதான். இதுக்கு எதுக்கு டேப்பு?" என்று சொல்லிவிட்டார். முப்பது தாளிலும் ஒரே வரி.

"பிள்ளைங்க ஊகத்தை எழுதச் சொன்னேன், உங்க ஊகத்தை இல்ல" என்றார் டீச்சர். "இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்கன்னா அடுத்த பயணத்துக்கு வேற டிரைவர்தான்."

களப்பயணம் போகாத வேன் அவருக்கு வெறும் தகரம். அன்று சாமி படத்தின் முன் நின்று, "நாக்கை மட்டும் கொஞ்சம் கட்டி வைப்பா" என்று வேண்டிக்கொண்டார். "சாமிக்கு வேற வேலை இல்லையா? ரெண்டு மிட்டாயைப் போட்டுக்கங்க" என்றாள் மனைவி.

இந்த முறை கடைத்தெரு. பஸ் நிலையத்திலிருந்து தள்ளிப் போகப் போக, நடந்து போகிறவர்கள் குறைவார்கள் என்று மாணவிகள் எழுதினார்கள். நாலு இடத்தில் நின்று எண்ண வேண்டும். மூன்றாவது இடம் ஆஸ்பத்திரி வாசல். கூட்டம் அங்கேதான் அதிகம் என்பதில் டிரைவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

"டிரைவர் அண்ணா, நாங்க எழுதினது சரிதானே?" ஒருத்தி வேண்டுமென்றே சீண்டினாள். மிட்டாய் நொறுங்கியது, பேச்சு வரவில்லை. டீச்சருக்கே இரக்கமாகிவிட்டது. துண்டுத் தாள் ஒன்றை நீட்டி, "நீங்களும் எழுதி மடிச்சு வைங்க. பேனாவுல" என்றார்.

எண்ணி முடித்து எல்லாரும் வேனுக்குத் திரும்பினார்கள். பஸ் நிலையத்தில் இருநூறுக்கு மேல். ஆஸ்பத்திரி வாசலில் நாற்பத்தொரு பேர். டிரைவரின் தாளைப் பிரித்ததும் வேனே சிரித்தது.

"அதெப்படி டீச்சர்? அந்த வாசலைத் தாண்ட தினம் பத்து நிமிஷம் ஹாரன் அடிக்கிறேனே."

"அங்க நிக்கிறது வண்டிங்க. நாங்க எண்ணினது நடக்கிறவங்களை."

டிரைவர் இருக்கையில் திரும்பி, பள்ளிப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். "அப்போ, அந்த வண்டியெல்லாம் எங்கேர்ந்து வருது டீச்சர்?"

டீச்சர் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார். "அடுத்த பயணத்துக்கு இதையே கேள்வியா வச்சுக்கலாம். வண்டியை நீங்கதானே எடுக்கறீங்க?"

"எனக்குத் தெரியும்ணா, அது வந்து..." பின்வரிசையில் ஒருத்தி துள்ளி எழுந்தாள்.

டிரைவர் சட்டைப் பையைத் துழாவி, ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.