ரெண்டு ஏழு

பூட்டு ரிப்பேர்க்காரருக்குத் தெருவில் 'இறுக்கி' என்று பெயர். யார் வீட்டு பீரோவைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று இருபது வருஷத்தில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. கேட்டால், "நான் பூட்டைத்தான் பாத்தேன்" என்பார்.

அவருக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தக்காளி சூப். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் செய்வார். அதில் ஐந்து நிமிஷம் பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கலக்குவது. மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் வெறும் பலகையைக் கத்தியால் கொத்திக்கொண்டிருப்பது.

மனைவியின் வீட்டார் மத்தியில் அவருக்கு இருந்த மரியாதையே இந்த சூப்பால் வந்ததுதான். சகலைக்குக் கார் இருந்தது. இவருக்கு சூப் இருந்தது.

காகித பில் காலத்தில் பெரும்பாடு. சட்டைப்பையைச் சோதிக்காமல் மனைவி துணி துவைப்பதில்லை. எனவே பில்லைக் கிழித்து மூன்று குப்பைத்தொட்டிகளில் பிரித்துப் போட்டுவிட்டு வீடு சேர்வார். பிறகு கடையில் காகிதத்தை ஒழித்தார்கள். "நம்பர் சொல்லுங்க சார், பில்லு போனுக்கு வந்துரும்" என்றாள் கவுன்டர் பெண். மனைவி போனையும் நோண்டுவாளே என்று நினைத்தபடி சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "ரெண்டு ஏழு" என்று முடித்தார். ஆனால் பில் வரவே இல்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த புண்ணியவானை மனதார வாழ்த்தினார்.

இவருடைய எண் 77 என்று முடியும். அந்தப் பெண் இரண்டையும் ஏழையும் அடித்து 27 ஆக்கியிருந்தாள். அது மாமியாருடைய எண். ஒரே நாளில் இரண்டு சிம் வாங்கி, ஒன்றை மாமியாருக்குக் கொடுத்த மகராசனும் இவரேதான்.

விஷயம் ஒரு சனிக்கிழமை வெடித்தது. மறுநாள் சகலை வருகிறார், பக்கத்திலேயே நின்று சூப் கற்றுக்கொள்ளாமல் போவதில்லை என்று சொல்லிவிட்டு. அவர் வருவதற்கு முன்பே மாமியார் பூட்டுக் கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, இந்த வாரம் நாலு பாக்கெட்டு. சகலைக்கும் சேத்தா?"

"எது அத்தை?"

மாமியார் போனை நீட்டினார். ஒன்றரை வருஷத்து பில்கள். சூப், சூப், தலைச்சாயம், சூப், தொப்பையை அமுக்கும் பெல்ட் பெரிய சைஸ், சூப்.

"முடி தானா கறுப்பா இருக்குன்னு எம்பொண்ணு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா. நான் வாயத் தொறக்கல."

"இப்பவே போய் நம்பரை மாத்திடுறேன் அத்தை."

"மாத்துங்க. நாளைக்கு உங்க சகலையை நீங்களே சமாளிச்சுக்குங்க." பிறகு குரலைத் தணித்தார். "டிவில எப்பப் பாத்தாலும் அழுகை. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு, சொல்லுங்க."

ஒப்பந்தம் முடிந்தது. ஞாயிறன்று சமையலறை வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார் மாமியார்.

"உள்ள போகாதீங்க. நீங்க பாத்தா ருசி போயிரும்" என்றார் சகலையிடம்.

"பாத்தா எப்படி அத்தை ருசி போகும்?"

"நான் என்ன விஞ்ஞானியா? போகும்னா போகும்."

உள்ளே ஐம்பத்தைந்து நிமிஷம் கத்திச் சத்தம் கேட்டது. சகலை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

திங்கள் மாலை இறுக்கி அதே கடையில் சேற்றுப்புண் களிம்பு ஒன்று வாங்கினார். நம்பரைப் பழையபடியே சொன்னார். வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது.

"எந்தக் கால்ல மாப்ளே?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "இடது கால் அத்தை. விரல் இடுக்குல."

"அதுக்கு இந்தக் களிம்பு கேக்காது. திரும்பப் போய்ப் பவுடரா மாத்துங்க. பில்லு வரட்டும், சரியான்னு பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் அங்கயே நில்லுங்க."

இறுக்கி களிம்போடு திரும்பி வரிசையில் போய் நின்றார்.